கொடுப்பதும் காண்பதும்

நம் சங்கத்தின் செயற்குழு சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை கூடியது. ஆண்டு விழாவுக்கு மைய அரசின் நிதியுதவி கேட்டு விண்ணப்பிப்பதா வேண்டாவா என்பதே அன்றைய பொருள். காப்பி ஆறிப்போகும் அளவுக்கு வாதம் நீண்டது. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "நம் விழாவுக்கு நாமே பணம் போடவேண்டும், கை நீட்டினால் வாய் கட்டுப்படும்" என்றார். எதிரில் அமர்ந்திருந்த இளைஞர், "இது நம் வரிப்பணம் ஐயா, நம் பணத்தை நாம் கேட்பதில் என்ன தாழ்வு?" என்றார். பள்ளி ஆசிரியையான அம்மையார் ஒருவரோ, "யமுனைக் கரைக் குடிசைகளில் குழந்தைகள் பாலுக்கு அழும்போது, பாட்டுக்கும் கூத்துக்கும் அரசு பணம் தரத்தான் வேண்டுமா?" என்று கேட்டார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மூன்றும் நேர்மையான வினாக்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம், அவற்றுக்கு நமக்குத் தோன்றிய விடையை இம்மலரில் எழுதத் துணிந்தோம். கலை நுட்பம் நாம் அறியோம். பொதுப்பணம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு எவ்வாறு செல்கிறது என்பதை ஓரளவு அறிவோம்.

குழந்தையின் பசியை முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் கனமான வினா அதுவே. 2023-24ஆம் ஆண்டின் மைய அரசு வரவு செலவுத் திட்டத்தில் பண்பாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 3,400 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆயினும் அவ்வாண்டின் மொத்தச் செலவு மதிப்பீடு ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய். அரசு செலவிடும் நூறு ரூபாயில் பண்பாட்டுக்குச் செல்வது எட்டுக் காசுக்கும் குறைவு என்று ஆகிறது. அவ்வெட்டுக் காசிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கோட்டைகளையும் கோயில்களையும் காக்கும் தொல்லியல் துறைக்கு உரியது. அருங்காட்சியகம், நூலகம் முதலியன போக எஞ்சுவதே உயிரோடிருக்கும் கலைஞனின் பங்கு. கூத்தாடி உண்டுவிட்டதனால்தான் குழந்தைக்குப் பால் இல்லாமற் போயிற்று என்று யாரும் கூற முடியாது.

தொகை சிறிது என்பதால் மட்டும் ஒரு செலவு நியாயமாகிவிடாது என்பதும் உண்மையே. ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வர் தமக்கு வேண்டிய இசையையும் நடனத்தையும் சீட்டு வாங்கிக் கண்டுகொள்வர். பொதுப்பணம் நின்றுபோனால் அவர்களுக்கு ஒரு குறைவும் வாராது. கலையின்றிப் போவது அந்தக் குடிசைக் குழந்தைதான். பாலும் இல்லை, பாட்டும் இல்லை என்ற நிலைக்கு அதனைத் தள்ளுவது அறமாகாது.

இனி, கை நீட்டினால் வாய் கட்டுப்படும் என்ற பெரியவரின் அச்சத்துக்கு வருவோம். இவ்வச்சத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அதுவே செஞ்சோற்றுக் கடன். துரியோதனன் பக்கம் அறம் இல்லை என்று அறிந்தும், உண்ட சோற்றுக்காகக் கர்ணன் அவனுக்காகப் போர் புரிந்து மாண்டான். அரசின் பணத்தைப் பெறும் கலைஞனும் அவ்வாறே ஆள்வோருக்குக் கட்டுப்பட்டவன் ஆகிவிடானா?

கர்ணன் உண்டது துரியோதனனின் சோறு. அங்க நாடு துரியோதனன் தன் விருப்பப்படி எடுத்துக் கொடுத்த நாடு. குடியரசின் கருவூலம் அத்தகையதன்று. அதில் உள்ள ஒவ்வொரு ரூபாயும் தீப்பெட்டி வாங்கியவரும் சோப்பு வாங்கியவரும் செலுத்திய வரி. அமைச்சரானாலும் செயலாளரானாலும், கோப்பை நகர்த்தும் நம்மைப் போன்ற எழுத்தரானாலும் அனைவரும் பரிமாறுகிறவர்களே. சமைத்த சோறு ஊராருடையது. ஆகவே கலைஞனுக்குக் கடன் உண்டெனில் அது ஊராருக்கே. ஆள்வோரைப் புகழ்வதால் அக்கடன் தீராது; தன் கலையைப் பழுதின்றிச் செய்வதால்தான் தீரும்.

நம் குடியரசை அமைத்தோர் இதனை உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. சங்கீத நாடக அகாதெமி 1953ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாளும், சாகித்திய அகாதெமி 1954 மார்ச் 12ஆம் நாளும், லலித கலா அகாதெமி அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. பணம் அரசினுடையது; தேர்வு செய்வோர் எழுத்தாளரும் கலைஞரும் அறிஞருமாக இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. சாகித்திய அகாதெமியின் முதல் தலைவர் நேரு. அப்பொறுப்பில் இருக்கும் தமது பணியில் நாட்டின் தலைமையமைச்சர் தலையிடுவதைத் தாம் விரும்பவில்லை என்ற கருத்துப்பட அவரே கூறினார். கூறியவரும் தலைமையமைச்சரும் ஒருவரே என்பதில் நகைச்சுவை உண்டு. அதனினும் மேலாக ஓர் எச்சரிக்கை உண்டு. ஏட்டில் எழுதிய ஏற்பாடு நடைமுறையில் எந்த அளவு நிலைக்கிறது என்பதை ஆராய 1964, 1972, 1990 ஆகிய ஆண்டுகளில் பாபா, கோஸ்லா, ஹக்சர் ஆகியோர் தலைமையிலான குழுக்கள் அறிக்கை தரவேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது.

2015ஆம் ஆண்டில் இவ்வினா வெளிப்படையாகவே எழுந்தது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற கன்னட அறிஞர் எம். எம். கல்புர்கி அவ்வாண்டு ஆகஸ்டு 30 அன்று தார்வாடில் தம் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அகாதெமி போதிய அளவு குரல் கொடுக்கவில்லை என்று கூறி, பல மொழிகளைச் சார்ந்த எழுத்தாளர் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் தம் விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தனர். அக்டோபர் 23 அன்று அகாதெமி கொலையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றி, விருதுகளை மீண்டும் ஏற்குமாறு அவர்களை வேண்டிக்கொண்டது. அவ்வெழுத்தாளர்கள் செய்தது சரியா என்பதில் நம் சங்கத்திலேயே இரு கருத்து இருந்தது, இருப்பதில் தவறில்லை. ஆனால் "அரசின் சோற்றை உண்டுவிட்டு அரசையே குறை கூறுவதா" என்று அன்று சிலர் கேட்டனரே, அக்கேள்வி மட்டும் பொருந்தாது. அது துரியோதனன் கேட்க வேண்டிய கேள்வி. குடிமக்கள் கேட்கும் கேள்வி அன்று.

ஆள்வோர் பொருள் தருவதும், கலையறிந்தோர் ஆளைத் தேர்வதும் நமக்குப் புதியனவும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு ஒன்று உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களை, இன்ன தெருவில், இன்ன சிறகில், இத்தனையாம் வீடு என்று குறித்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக அளிக்கிறது அது. நட்டுவம் செய்வோருக்கும் பாடுவோருக்கும் இசைக்கருவி வாசிப்போருக்கும் அவ்வாறே பங்குகள் வகுத்துள்ளது. அலுவலகப் பணியாளர் பதிவேட்டைப் பேணிப் பழகிய நமக்கு அதன் ஒழுங்கைக் காணும்போது ஒரு பெருமிதம் தோன்றுகிறது.

அதனினும் வியப்பானது அதில் வரும் ஒரு விதி. பங்கு பெறுபவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவ்வுறவினருக்குத் தகுதி இல்லையாயின், தகுதியுடைய ஒருவரைக் கொண்டு பணியைச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லையாயின், அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தக்கார் ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மன்னன் நெல்லை அளந்தான். அடுத்த ஆடலாளைத் தேர்வதை ஆடல் அறிந்தோரிடம் விட்டான்.

ஆயினும் அந்நாளை முழுதும் பொற்காலம் என்று கொள்ளவும் நாம் ஒருப்படோம். அந்நானூற்றுவரும் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணரப்பட்டவர்கள். வர விருப்பமா என்று அவர்களைக் கேட்டனரா என்பதைக் கல்வெட்டு கூறவில்லை. பின்னாளில் அம்மரபு பெண்களைப் பிணிக்கும் தளையாகி, 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தால் நீக்கப்பட வேண்டியதாயிற்று. சோறு அளித்தாலும் விடுதலை அளிக்காத ஆதரவு நாளடைவில் கலையையும் கலைஞரையும் ஒருசேரக் கெடுக்கும் என்பதற்கு இதுவே சான்று.

இதுவரை கூறியவற்றால், அரசு பொருள் தருவது தக்கதே என்றும், தேர்வைக் கலையறிந்தோரிடம் விடவேண்டும் என்றும், பெறுவோர் நாவடங்கி இருக்க வேண்டியதில்லை என்றும் நாம் கொள்கிறோம். ஆனால் இத்துடன் கட்டுரையை முடித்தால் பாதி உண்மையே சொன்னவர்கள் ஆவோம். மறுபாதி நம்மைப் பற்றியது.

அதற்கு முன் கொல்கத்தாவில் நடந்த ஒன்றை நினைவுகூர்வோம். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி' படத்தை எடுக்கத் தொடங்கியபோது முதலீடு செய்வார் இலர். காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. படம் பாதியில் நின்றது. இறுதியில் மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் அரசு பணம் தந்து படத்தை முடிக்கச் செய்தது. படத்தின் பெயரில் பாதை என்ற சொல் இருந்ததனாலோ என்னவோ, அத்தொகை கணக்கில் சாலை மேம்பாட்டுக்கு என்று பதிவாயிற்று. பணம் கொடுத்த அலுவலகத்துக்கு அது எத்தகைய படம் என்பது தெரியாது. 1955 ஆகஸ்டில் அந்நகரில் படம் வெளியானபோது முதல் சில நாள்கள் கூட்டம் இல்லை. பிறகு கண்டவர் காணாதவரிடம் சொல்ல, ஓரிரு வாரங்களில் அரங்குகள் நிறைந்தன. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. அரசு கொடுத்த பணமும் இலாபத்துடன் திரும்பியது. அரசு காணாமலே கொடுத்தது. மக்கள் சென்று கண்டனர். இரண்டும் சேர்ந்தபோதே அக்கலை உயிர் பெற்றது.

கோப்புக்குக் கண் கிடையாது. எழுத்தர்களாகிய நமக்கு அது நன்கு தெரியும். கோப்பில் மதிப்பீடு உண்டு, ஒப்புதல் உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. ஆட்டம் நன்றாக இருந்ததா என்று எழுத ஓர் இடம் இல்லை. அப்படி ஓர் இடம் இருந்தால் அதை நிரப்பும் அதிகாரம் யாருக்கு என்ற சண்டையில் ஆட்டமே நின்றுபோகும். ஆகவே அரசு காணாமல்தான் கொடுக்க முடியும். அதைக் குறை என்றுகூடச் சொல்லலாகாது.

ஆனால் காணாமல் கொடுத்த பரிசு புலவனுக்குப் போதுமா? அதியமான் தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறும். வறுமையில் வாடியவர் அவர். பொருளின் சிறுமை அவரை வருத்தவில்லை. பாட்டைக் கேளாமலும் முகத்தைப் பாராமலும் விலை கொடுத்தது போல் அமைந்ததே வருத்தியது. கொடுப்பது ஒரு கடமை எனின் காண்பது மற்றொரு கடமை. முதற் கடமையை நாம் அரசிடம் ஒப்படைத்துவிட்டோம். இரண்டாவதை யாரிடம் ஒப்படைத்தோம்?

இங்கே நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்க விழாவுக்கு நிதியுதவி கிடைத்தது. செய்யாற்றுப் பகுதியிலிருந்து தெருக்கூத்துக் குழு ஒன்றை வரவழைத்தோம். கர்ண மோட்சம் ஆடுவதாக ஏற்பாடு. விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருமாறு வாத்தியாரைக் கேட்டுக்கொண்டோம். கடைசிப் பேருந்து, மறுநாள் பள்ளி என்று காரணங்கள் நம்மிடம் இருந்தன. அவர் மறுக்கவில்லை. விழாவின் தொடக்கத்தில் அரங்கில் முந்நூறு பேர் இருந்தனர். வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் நடந்தேறிக் கூத்து தொடங்கும்போது மணி ஒன்பது. பின்னால் உணவுப் பொட்டலம் வழங்கத் தொடங்கியதும் அரங்கு கலைந்தது. கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும்போது அறுபது பேர். அவன் களத்தில் வீழும்போது முப்பது பேர். நிதிப் பொறுப்பில் இருந்த நாம் அந்த முப்பதின்மரிலும் இல்லை. வெளி வராந்தாவில் பொட்டலக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் முடிந்து, அரிதாரம் கலையாத முகத்தோடு வந்த வாத்தியாரிடம் தொகையைக் கொடுத்துப் பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கினோம். அவர் எண்ணிப் பார்க்காமலே மடியில் வைத்துக்கொண்டு, "கர்ணன் உயிரு போவும்போது நீங்க உள்ள இல்லியே சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சாப்பிடாமல் போகும் உறவினரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுவாரம் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதினோம். தொகை எந்த நோக்கத்துக்காக ஒப்பளிக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே செலவிடப்பட்டது என்று சான்றளித்துக் கையொப்பமிட்டோம். நிறைந்த அரங்கின் நிழற்படம் ஒன்றையும் இணைத்தோம். கணக்கில் ஒரு ரூபாய் பிழை இல்லை; தணிக்கையில் ஒரு வினாவும் எழவில்லை. ஆயினும் அந்த நோக்கம் யாது என்று இன்று நம்மை நாமே கேட்டால், நம்மிடம் விடை இல்லை.

அவ்வாத்தியாரின் ஊருக்கு அருகில்தான் நம் ஊரும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து நடக்கும். அதற்கான செலவுக்கு ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி விதிப்பார்கள். ஆம், அங்கும் அதற்கு வரி என்றே பெயர். இல்லாதவர் நெல்லாகக் கொடுப்பர். அதுவும் இல்லாதவர் பந்தலுக்கு உழைப்பைக் கொடுப்பர். பிறகு எல்லோரும் பாயும் போர்வையுமாக வந்து தெருவில் அமர்வார்கள். வரி கொடுத்தவர் விடியும் வரை விழித்திருந்தார். கட்டியக்காரன் ஊர்ப் பெரியவரையே கேலி செய்வான். வரி வசூலித்த அப்பெரியவரும் சிரிப்பார். அடவு பிசகினால் கிழவிகள் சொல்லிவிடுவார்கள். பொருள் தருவோரும் காண்போரும் தேர்ந்து மதிப்பிடுவோரும் அங்கே வேறு வேறு ஆட்களல்லர். அவ்வூரை விட்டுத் தலைநகருக்கு வந்த நாமும் வரி செலுத்திக்கொண்டுதான் இருக்கிறோம், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். விழித்திருப்பதை மட்டும் விட்டுவிட்டோம். மண்டி ஹவுஸ் வழியாக நாள்தோறும் பேருந்தில் செல்லும் நாம், மூன்று அகாதெமிகளும் குடியிருக்கும் இரவீந்திர பவனுக்குள் ஒரு நிகழ்ச்சி காணச் சென்ற நாள்களை ஒரு கைவிரலால் எண்ணிவிடலாம்.

சென்ற ஆண்டு வாத்தியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருக்கு அறுபது கடந்துவிட்டது. முழங்கால் வலியால் கட்டை கட்டி ஆட முடியவில்லை. வறிய நிலையிலுள்ள முதிய கலைஞர்களுக்கு மைய அரசு திங்கள்தோறும் உதவித்தொகை வழங்குகிறது; அதன் உச்ச அளவு 6,000 ரூபாய் என்று வகுத்திருந்தனர். அதற்கு விண்ணப்பம் நிரப்பித் தரும்படி கேட்டிருந்தார். நமக்குத் தெரிந்த ஒரே கலை படிவம் நிரப்புதல். மகிழ்ச்சியோடு அமர்ந்தோம். அவர் கலைஞர்தாம் என்பதற்குச் சான்றுகள் வேண்டும். அது முறையான தேவையே. தலைநகரில் ஆடியதற்கு நிழற்படம் இருக்குமே என்று எழுதியிருந்தார். சங்கக் கோப்பை எடுத்துப் பார்த்தோம். இருந்த படம் ஒன்றே. நாம் சான்றிதழோடு இணைத்த படத்தின் படி. நிறைந்த அரங்கு; மேடையில் சிறப்பு விருந்தினர் பேசுகிறார்; பொன்னாடைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்நேரத்தில் வாத்தியார் மேடைக்குப் பின்னால் கிரீடம் கட்டிக்கொண்டிருந்திருப்பார். நம் கோப்பில் கர்ணன் இல்லை.

ஊர்ப் பெரியவர்களிடம் கடிதம் வாங்கியும், அந்த முப்பதின்மரில் கண்டுபிடிக்க முடிந்தவர்களிடம் எழுத்து மூலம் சான்று பெற்றும் விண்ணப்பத்தை அனுப்பினோம். கடைசி வரை அமர்ந்து கண்ட அந்த முப்பது பேரே அன்று அவருக்கு உதவினர். முடிவு இன்னும் வரவில்லை.

அடுத்த செயற்குழுவில் நாம் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றே வாக்களிப்போம். இளைஞர் கூறியது சரி. அது நம் பணம். பெரியவர் அஞ்சியதும் சரி. ஆதலால் அப்பணத்துக்காக மேடையில் யாரையும் புகழ்வதில்லை என்று உறுதி கொள்வோம். அம்மையார் கேட்டதும் சரி. ஆதலால் வாயிற் கதவைத் திறந்து வைத்து, அக்கம்பக்கத்துக் குடிசைக் குழந்தைகளை முன்வரிசையில் அமர்த்துவோம். இவற்றோடு நாம் முன்மொழிய இருப்பது ஒன்று. உரைகள் யாவும் வேறொரு நாளுக்கு ஆகட்டும். ஒரு சனிக்கிழமை இரவில் கூத்து முழுமையாக, விடியும் வரை நடக்கட்டும். அரசின் நிதி வந்தாலும் வாராவிட்டாலும் குடும்பத்துக்கு நூறு ரூபாய் வரி வைப்போம். பாயும் போர்வையும் கொண்டுவரச் சொல்வோம். உணவுப் பொட்டலம் காலையில் வழங்கலாம்.

பயன்பாட்டுச் சான்றிதழை இம்முறையும் நாமே எழுத நேரலாம். எழுதுமுன், கர்ணனின் உயிர் பிரியும்போது அரங்கிற்குள் அமர்ந்திருப்போம்.